பாட்டியின் சிங்கரில் தைக்கலாமா?

கேள்வி: "பாட்டி வைத்திருந்த கறுப்பு சிங்கர் தையல் இயந்திரம் பல வருடங்களாக ஊர் வீட்டில் சும்மா கிடந்தது. இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. மேலே ஒரு பூச்சாடி வைத்திருக்கிறோம். கைச்சக்கரம் அசையவில்லை. பழம்பொருள், தொடாமல் அழகுக்கு வை என்கிறார்கள் வீட்டில். எனக்கு அதில் தைக்க ஆசை. தைத்தால் கெட்டுப்போகுமா? விற்றால் நல்ல விலை வருமா?"

தாராளமாகத் தையுங்கள். தைப்பதால் அந்த இயந்திரம் கெடாது. தைக்காமல் விட்டதால்தான் சக்கரம் இறுகிப்போயிருக்கிறது. வார்ப்பிரும்பும் எஃகும் கொண்டு செய்த இயந்திரம் அது. உரசும் இடங்களில் எல்லாம் எண்ணெய் இருந்தால் தேய்மானம் மிகக் குறைவு. எண்ணெய் காய்ந்துபோனால் அதுவே பசையாகி, பிறகு கோந்தாகி, பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலம் வந்தால் மிச்சத்தைத் துரு பார்த்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு இந்த இரண்டு வியாதியும் வராது.

விலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் வீட்டார் தயங்குவது பெரும்பாலும் அதனால்தான். சிங்கர் அரிய பொருள் அல்ல. ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்ற ஊரில் அந்த நிறுவனத்துக்கு மாபெரும் தொழிற்சாலை இருந்தது. 1885-இல் இயங்கத் தொடங்கி 1980-இல் மூடப்பட்டது. 1913-ஆம் ஆண்டில் மட்டும் அங்கிருந்து ஏறத்தாழ 13 லட்சம் இயந்திரங்கள் வெளியே போயின. அந்த ஊர் ரயில் நிலையங்களில் ஒன்றின் பெயர் இன்றைக்கும் 'சிங்கர்'தான். உங்கள் இயந்திரத்தின் தளத்தில் வலப்பக்கம் பொறித்திருக்கும் தொடர் எண்ணைப் பாருங்கள். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்து, முதல் எழுத்து 'ஈ' என்றால் அது கிளைடுபேங்க்கில் பிறந்தது, 1930-களின் நடுப்பகுதிக்குப் பிற்பட்டது. கோடிக்கணக்கில் செய்து உலகெங்கும் விற்ற பொருளுக்குப் பழம்பொருள் சந்தையில் பெரிய விலை வராது. 2009-இல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கரின் ஊசிக்குள் 'சிவப்புப் பாதரசம்' என்ற அபூர்வப் பொருள் இருக்கிறது என்று ஒரு வதந்தி கிளம்பி, ஜனங்கள் அடித்துப்பிடித்துப் பெருந்தொகை கொடுத்து வாங்கினார்கள். எல்லாம் பொய். அப்படி யாராவது உங்களிடம் லட்சக்கணக்கில் பேரம் பேச வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த இயந்திரத்தின் மதிப்பு அது போடும் தையலில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலை நாடுகளில் ஒரு பழைய கால்மிதி இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் உதிரிபாகத்துக்கும் சொல்லிக்கொடுக்க ஆளுக்கும் அலைய வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் இங்கே இது பழம்பொருளாக ஆகவே இல்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில், நாயக்கர் காலத்துக் கல்தூண்களுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்து தையல்காரர்கள் மிதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தக் கடைகள் இப்போது இடம் மாறிவிட்டன, ஆனால் தெருமுனையில் குடைக்குக் கீழே பை தைப்பவரும் ஜிப் மாற்றுபவரும் அதே கறுப்பு இயந்திரத்தோடுதான் இருக்கிறார்கள். கல்கத்தாவில் தொடங்கிய உஷாவும் பின்னால் வந்த பல இந்தியக் கறுப்பு இயந்திரங்களும் சிங்கர் 15 வகையின் வார்ப்பில் அமைந்தவை (உங்களுடையது எந்த எண் வகை என்று அறியும் வழியைப் பின்னால் சொல்கிறேன்). லூதியானாவில் இன்றும் அதற்கான பாகங்களைச் செய்கிறார்கள். ஆகவே உங்கள் பாட்டியின் சிங்கர் 15 வகையாக இருந்தால் அடிநூல் சுற்றும் பாபின், அதை வைக்கும் பாபின் கேஸ், ஊசி, தோல் பெல்ட் எல்லாம் உங்கள் ஊர்த் தையல் சாமான் கடையிலேயே கிடைக்கும். எழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு பொருளுக்கு இப்படிப் பாகம் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

சக்கரத்துக்கு வருகிறேன். என் அம்மாவின் இயந்திரமும் இப்படித்தான் இறுகிக் கிடந்தது. அம்மா போன பிறகு எட்டு வருடம் யாரும் தொடவில்லை. கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் சரியில்லாமல், கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயை விட்டிருக்கிறார். ஊசிப் பக்கத்தை மூடியிருக்கும் முகத்தகட்டை நான் கழற்றியபோது ஊசிக்கம்பி முழுவதும் பனங்கருப்பட்டிப் பாகு ஆறியது போலப் பழுப்பாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருளாக வந்தது. ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, இரவு அப்படியே விட்டேன். மறுநாள் சக்கரம் ஒரு விரற்கடை அசைந்தது. மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி காத்திருப்பு. மூன்றாம் நாள் மத்தியானம் முக்கால் சுற்று வந்து நின்றது, பின்னால் தள்ளி முன்னால் இழுத்தேன், 'கடக்' என்ற ஒலியோடு முழுச் சுற்று வந்துவிட்டது. கறுப்பாக ஒரு நீர் தளத்தில் வழிந்தது. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அது தெளிந்த பிறகுதான் மெஷின் எண்ணெய் விட்டேன். அதற்குப் பிறகு அந்த இயந்திரம் எழுப்பிய ஓசை, நான் பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களில் அடுப்படிக்குப் பக்கத்திலிருந்து கேட்ட அதே ஓசை.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். இறுக்கம் மேலே தலையிலா, கீழே மிதியிலா என்பது அப்போதே தெரிந்துவிடும். தலைதான் இறுகியிருக்கிறது என்றால், எண்ணெய்க்குப் போவதற்கு முன் பாபின் கேஸை வெளியே எடுத்து, மேல்நூலை அடிநூலோடு பின்னும் ஷட்டில் ஓடும் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்த்த 'இறுகிய' இயந்திரங்களில் பாதிக்கு மேல், அங்கே சிக்கிய அரை அங்குல நூல்தான் காரணம். சாமணத்தால் இழுத்தால் சக்கரம் தானாக விடுபடும். நூல் இல்லையென்றால் மண்ணெண்ணெய். கிடைக்காவிட்டால் மெஷின் எண்ணெயையே தாராளமாக விட்டு நாலைந்து நாள் பொறுங்கள். இயந்திரத்தைத் திறந்த சன்னலருகே வைத்துச் செய்யுங்கள், அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெய் விட்ட பிறகு சூடு காட்டாதீர்கள். சக்கரத்தில் ஸ்பானர் மாட்டித் திருகுவதும், சுத்தியலால் தட்டுவதும் வேண்டவே வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, உடைந்துவிடும். பொறுமைதான் இங்கே கருவி.

மண்ணெண்ணெய் பசையைக் கரைக்குமே தவிர வழுக்காது. அது ஆவியானதும் இரும்பு வறண்டுவிடும். ஆகவே துடைத்த கையோடு எண்ணெய் விட வேண்டும். எந்த எண்ணெய் என்று கேட்டால், தையல் இயந்திரத்துக்கென்றே விற்கும் நிறமற்ற, மணமற்ற எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் கூடாது. தாவர எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பட்டு கோந்தாக மாறும் குணம் உடையவை. வண்டிக்கு விடும் எண்ணெய் கனமானது, அதுவும் வேண்டாம். மேலே தெரியும் துளைகளோடு நிறுத்திவிடாமல் தலையைப் பின்பக்கம் சாய்த்து, அடியில் இரும்போடு இரும்பு உரசும் இடங்களுக்கு எல்லாம் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். ஷட்டில் பள்ளத்துக்கு ஒரே ஒரு சொட்டு. மிதியின் இரண்டு முனைகளையும் பெரிய சக்கரத்தின் அச்சையும் மறந்துவிடுகிறார்கள், 'கீச் கீச்' என்று கேட்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். பிறகு ஒரு பழந்துணியில் நூல் கோக்காமல் பத்து நிமிடம் ஓட்டி, ஊசிக்கம்பி வழியே இறங்கும் எண்ணெயைத் துணி குடித்துவிடச் செய்யுங்கள். நாள் முழுக்கத் தைக்கிறவர்கள் தினமும் எண்ணெய் விட வேண்டும். வாரத்துக்கு இரண்டு ரவிக்கை தைப்பவருக்கு மாதம் ஒரு முறை போதும்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. கறுப்பு உடலில் இருக்கும் அந்தப் பொன்னிறப் பூவேலைமேல் ஸ்பிரிட், தின்னர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் படவிடாதீர்கள். அந்தப் பூவேலை தாளிலிருந்து ஒட்டி எடுத்தது. அதன்மேல் ஒரு மெல்லிய மெருகுப்பூச்சு இருக்கிறது, பழைய இயந்திரங்களில் அது பெரும்பாலும் அரக்கு. ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும். அம்மோனியா கலந்த திரவம் பட்டால் பொன்னிறம் வெளிறி வெள்ளி நிறமாகிவிடும். என் பெரியம்மாவின் இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் 'பளிச்சென்று ஆக்கித் தருகிறோம்' என்று தின்னரில் துடைத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது 'சிங்கர்' என்ற பெயரில் இரண்டு எழுத்துகளே மிஞ்சியிருந்தன. பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். உடலைத் துடைக்க மெஷின் எண்ணெயில் நனைத்த பழைய வேட்டித் துண்டு போதும். மெதுவாக, வட்டமாக, அழுத்தாமல்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். பாபினைக் கேஸில் போட்டு, இடப்பக்கத்திலிருந்து ஊசிக்குக் கீழே செருகுவது என்றால் 15 வகை. முன்பக்கத் தகட்டை நகர்த்தி மேலிருந்து பாபினைக் குழிக்குள் போடுவது என்றால் 66 வகை, அல்லது அதன் சிறிய தம்பி 99. படகு போன்ற நீளமான ஷட்டிலும் அதற்குள் குச்சி போன்ற பாபினும் இருந்தால் 27, 28, 127, 128 ஆகியவற்றில் ஒன்று. இந்தப் படகு ஷட்டில்களும் அருமையாகத் தைக்கும். ஆனால் ஷட்டில் தொலைந்திருந்தால் தேடி வாங்குவது சிரமம். அதனால் மேசையின் இழுப்பறைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிவிட்டு, பிறகு முடிவுக்கு வாருங்கள்.

ஊசி போடுவதில்தான் புதியவர்கள் தோற்றுப்போகிறார்கள். இக்கால மின் இயந்திரங்களில் ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்கும். அந்தப் பழக்கத்தில் இதிலும் போட்டுவிட்டு, 'நூல் அறுகிறது, தையலே விழவில்லை, இயந்திரம் செத்துவிட்டது' என்று மூடிவைத்தவர்களை எனக்குத் தெரியும். 15 வகையில் தட்டைப் பக்கம் இடப்புறம் பார்க்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். 66-இல் நேர் எதிர்: தட்டை வலப்புறம், நூல் இடமிருந்து வலம். சந்தேகம் வந்தால் ஊசியையே கேளுங்கள். ஊசியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கண்வரை நீளமாக ஒரு வாய்க்கால் ஓடும். நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் கண்ணுக்குள் நுழையும். ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றித் திருகை இறுக்குங்கள். பாட்டி காலத்து ஊசி இன்னும் அதிலேயே இருந்தால், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். மெல்லிய பட்டுக்கு 11, ரூபியா ரவிக்கைத் துணிக்கு 14, பேன்ட் துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18.

நூல் கோக்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தைத் தூக்கி வைத்திருங்கள். அப்போதுதான் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். துணிக்குக் கீழே நூல் குருவிக்கூடு போலச் சுருண்டால் பாபினைக் குற்றம் சொல்லாதீர்கள், பெரும்பாலும் மேல்நூல்தான் தட்டுக்குள் போகாமலோ, ஏறி இறங்கும் கொக்கியில் மாட்டாமலோ இருக்கும். பாபின் கேஸ் சரியாக இறுகியிருக்கிறதா என்று அறிய, நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது. கையை ஒரு வெட்டு வெட்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். அதற்கு மேல் கேஸில் இருக்கும் சின்னத் திருகைத் தொட வேண்டாம். மிச்சச் சரிசெய்தலை எல்லாம் மேல் டென்ஷனில் பார்த்துக்கொள்ளலாம்.

மிதிப்பது ஒரு கலை, ஆனால் ஒரு வாரத்தில் வந்துவிடும். கைச்சக்கரத்தின் நடுவே இருக்கும் திருகைத் தளர்த்தினால் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி நகராது. பாபின் சுற்றுவதற்காக வைத்த ஏற்பாடு அது. அந்த நிலையில் வைத்து மிதித்துப் பழகுங்கள். சக்கரம் எப்போதும் உங்களை நோக்கியே சுழல வேண்டும், பின்னால் போனால் நூல் சிக்கும். வலக்கையால் சக்கரத்தை உங்கள் பக்கமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அது சுழலத் தொடங்கியதும் கால் சேர்ந்துகொள்ளட்டும். ஒரு காலை முன்னாலும் இன்னொன்றைச் சற்றுப் பின்னாலும் வைத்தால், குதிகால், முன்பாதம், குதிகால் என்று தாளம் தானாக அமையும். செருப்பில்லாமல் மிதியுங்கள், இரும்பின் அசைவு பாதத்துக்குத் தெரிய வேண்டும். மிதிக்க மிதிக்கச் சக்கரம் வழுக்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். இணைப்புக் கம்பியை எடுத்துவிட்டு அரை அங்குலம் வெட்டி மறுபடி கோத்துவிடலாம். ரொம்பவும் இறுக்கினால் மிதி கனக்கும், முழங்கால் வலிக்கும்.

மோட்டார் மாட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தொழிலுக்கு என்றால் மாட்டுங்கள், நாள் முழுக்க மிதிப்பது முதுகுக்குக் கேடு. வீட்டுத் தையலுக்கு வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. மிதியில் இருக்கும் கட்டுப்பாடு மலிவான மோட்டாரில் வராது. கழுத்து வளைவில் பைப்பிங் வைக்கும்போது ஒரு தையல், நிறுத்தம், அரைத் தையல், ஊசி துணிக்குள் இருக்கப் பாதத்தைத் தூக்கித் திருப்பல், மறுபடி ஒரு தையல் என்று போக முடிகிறது. மின்வெட்டும் ஒரு பொருட்டில்லை. சில பழைய சிங்கர்களில் அந்தக் காலத்திலேயே மோட்டாரும் விளக்கும் வைத்திருப்பார்கள். உங்களுடையது அப்படியென்றால், மின்கம்பியின் மேலுறை வெடித்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒருபோதும் பிளக்கில் சொருகாதீர்கள். இரும்பு உடல் முழுவதும் மின்சாரம் பாயும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் புதுக் கம்பி போடச் சொல்லுங்கள்.

அது எதைத் தைக்கும், எதைத் தைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய இயந்திரம் செருப்புத் தோலையும் தைக்கும் என்று பெருமையடிப்பார்கள். வீட்டு இயந்திரத்துக்கு அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. பருத்தி, பட்டு, லினன், திரைச்சீலை, பை, தலையணை உறை, பாவாடை, ரவிக்கை, ஜீன்ஸின் கால் மடிப்பு இவையெல்லாம் அதற்கு எளிது. ஜீன்ஸில் தையல்கள் சேர்ந்து தடித்த இடம் வரும்போது மிதியை நிறுத்திக் கையால் சக்கரத்தைச் சுற்றிக் கடந்துவிடுங்கள். நேர்த்தையலில் அது போடும் வரிசை போல நேர்த்தியான வரிசையை நான் விலையுயர்ந்த புது இயந்திரங்களில்கூட அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் இழுபடும் துணிக்கு அது சரிவராது. லெகிங்ஸ், டி-ஷர்ட் தைத்தால் இழுக்கும்போது நேர்த்தையல் அறுந்துவிடும். காஜா, துணியின் ஓரம் பிரியாமல் போடும் ஓவர்லாக் வேண்டும் என்றால் வெளியே கொடுங்கள். அல்லது காஜாவைக் கையால் போடுங்கள், பாட்டி அப்படித்தான் போட்டிருப்பார். மிகப் பழைய சிலவற்றில் பின்னோக்கித் தைக்கும் வசதி இருக்காது. அங்கே தையலின் முனையில் துணியைத் திருப்பி நான்கு தையல் போட்டால் போதும்.

காட்சிக்கு மட்டுமே வைக்க வேண்டிய இயந்திரங்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. தலை கீழே விழுந்து வார்ப்பில் விரிசல் விட்டிருந்தால் அதை ஓட்டக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சில வகைகளுக்கு உரிய ஊசியே இப்போது செய்யப்படுவதில்லை. சிங்கரின் 12 வகை அப்படிப்பட்டது. அவற்றைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மாதம் ஒரு முறை சக்கரத்தைச் சுற்றி வையுங்கள். உங்கள் பாட்டியின் இயந்திரம் அந்தக் கூட்டத்தில் சேராது என்பது நீங்கள் சொன்னதிலிருந்தே எனக்குத் தோன்றுகிறது.

1924-இல் காந்தியிடம், நீங்கள் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, விதிவிலக்காக அவர் எடுத்துச் சொன்னது சிங்கர் தையல் இயந்திரத்தைத்தான். மனிதர் இதுவரை கண்டுபிடித்த பயனுள்ள சில பொருள்களில் அது ஒன்று என்றார். நம் ஊரில் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் பிள்ளைகளை ஆளாக்கியது இந்தக் கறுப்பு இரும்பை மிதித்துத்தான். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் அரசு இன்றும் ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் இலவசமாகத் தருகிறது என்றால், அதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருக்கலாம். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பூச்சாடியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதிலிருந்து கசியும் தண்ணீர் மேசையின் மேல்பலகையை உப்பவைக்கும், ஓரம் பிரிந்தால் ஒட்டுவது கடினம். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் தைக்காத நேரத்தில் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், பெரிய சக்கரத்துக்குள் விரல் விடுவார்கள். முதலில் தைக்கத் தலையணை உறை போல நான்கு பக்கமும் நேர்க்கோடாக இருக்கும் எதையாவது எடுங்கள். புது நூல் வாங்குங்கள். இழுப்பறையில் கிடக்கும் பழைய பருத்தி நூல்கண்டை இரண்டு கையாலும் இழுத்தால் பொசுக்கென்று அறும், அதைத் தையலுக்கு எடுக்காதீர்கள். பாபின் கேஸைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் பாபினில் பாதி நூல் மிச்சம் இருந்தால், அது பாட்டி கடைசியாகச் சுற்றியது. அதை உருவி எறியாமல் அப்படியே தனியாக எடுத்து வைத்துவிட்டு, வேறு பாபினில் உங்கள் நூலைச் சுற்றிக்கொள்ளுங்கள்.